‘ஆகலாம்’ என்ற ஒரு சொல்லுக்காக நடந்த கொலை: ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் பல வருடங்களாக மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்து வருகிறேன். வகுப்புகள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. பரீட்சைக்காகக் கையில் எடுத்தவர்களும் ஆர்வத்தால் எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கதை எனக்குத் தெரியாது. முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

ரோமில் அரசர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்து 450 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கி.மு. 44இல், உள்நாட்டுப் போரில் ஜெயித்த சீசரின் கையில் அதிகாரம் முழுவதும் குவிந்திருக்கிறது. அவர் முடிசூட்டிக்கொண்டுவிடுவார் என்று சொல்லி, காசியஸ் சில செனட்டர்களை (ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர்களை) சேர்த்துச் சதி செய்கிறார். ஊரே மதிக்கும் மனிதர், சீசருக்கும் நெருங்கிய நண்பர், புரூட்டஸ். அவரையும் உள்ளே இழுக்கிறார்கள். மார்ச் 15 அன்று சீசரைக் குத்திக் கொல்கிறார்கள். சவத்தின் பக்கத்தில் நின்று சீசரின் நண்பர் மார்க் ஆண்டனி பேசிய பேச்சில் ஊர் பற்றி எரிகிறது. சதிகாரர்கள் ரோமைவிட்டு ஓடுகிறார்கள். கடைசியில் பிலிப்பி என்ற இடத்தில் நடந்த போரில் தோற்று, காசியஸும் புரூட்டஸும் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்.

நாடகத்தின் பெயர் சீசர். ஆனால் அவர் பாதியிலேயே செத்துப் போகிறாரே?

ஆமாம். உயிரோடு அவர் மேடையில் தோன்றுவது மூன்றே காட்சிகளில். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் விழுந்துவிடுகிறார். அவர் பேசும் வரிகள் ஏறக்குறைய 150தான். புரூட்டஸுக்கு 700 வரிகளுக்கு மேல் உண்டு. துன்பியல் நாயகன் யார் என்று பரீட்சையில் கேட்டால் தயங்காமல் புரூட்டஸ் என்று எழுதுங்கள்.

ஆனால் தலைப்பு தப்பில்லை. உடம்பைக் கொன்றுவிட்டார்கள், பெயரைக் கொல்ல முடியவில்லை. நாலாம் அங்கத்தில் சீசரின் ஆவி புரூட்டஸ் முன்னால் வந்து நிற்கிறது. காசியஸ் சாகும்போது, “சீசர், உன்னைக் கொன்ற அதே வாளாலேயே பழிவாங்கப்பட்டாய்” என்கிறார். இறந்தவரைச் சுற்றித்தான் கடைசி வரை கதை நகர்கிறது.

‘ஆம்பிஷன்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். சீசரைக் கொன்றதற்குப் புரூட்டஸ் ஊருக்குச் சொல்லும் காரணமே இந்தச் சொல்தான். இன்று ‘என் ஆம்பிஷன் டாக்டராவது’ என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே அது லட்சியம். அந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், சீசருக்கு லட்சியம் இருந்ததற்காகவா கொன்றார்கள் என்று குழப்பம்தான் வரும். ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் வசைச்சொல். தன் நிலைக்கு மீறி மேலே ஏறத் துடிக்கும் குணத்தைக் குறித்தது. லத்தீன் மூலத்தில் ‘சுற்றித் திரிதல்’ என்று பொருள், அதாவது பதவிக்காக வாக்குக் கேட்டுத் திரிவது. தமிழில் பேராசை என்றால் பணத்தின் பக்கம் போய்விடும். பதவி ஆசை, அதிகார வேட்கை, இவைதான் பக்கத்தில் வருகின்றன.

சரி, சீசருக்கு உண்மையிலேயே அந்த வேட்கை இருந்ததா?

நாடகம் இதை நேரடியாகக் காட்டுவதே இல்லை. கவனித்துப் பாருங்கள். லூபர்கேலியா திருவிழாவில் ஆண்டனி கிரீடத்தை மூன்று முறை நீட்டியதாகவும், சீசர் மூன்று முறையும் தள்ளியதாகவும் நமக்குத் தெரிகிறது. ஆனால் அதை நாம் பார்க்கவில்லை. மேடைக்கு வெளியே கூட்டம் ஆரவாரம் செய்யும் சத்தம் கேட்கிறது. அப்புறம், பின்னால் சதியில் சேரும் காஸ்கா வந்து நடந்ததைச் சொல்கிறார். அவர் சீசரைப் பிடிக்காதவர். ஒவ்வொரு முறையும் சீசர் முன்பைவிட மெதுவாகத்தான் தள்ளினார், விரலை எடுக்க மனசே இல்லை என்கிறார். இதே செய்தியை ஆண்டனி பின்னால் எடுத்து, ‘மூன்று முறை மறுத்தாரே, இதுவா வேட்கை?’ என்று கேட்கிறார். ஒரே சம்பவம் ஒருவர் வாயில் குற்றச்சாட்டாகவும் இன்னொருவர் வாயில் சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

சீசர் சுத்தமானவர் என்றும் சொல்ல முடியாது. கொலை நாளன்று காலையில், மனைவி கால்பூர்னியா கண்ட கெட்ட கனவுக்குப் பயந்து வீட்டிலேயே இருக்கத் தீர்மானிக்கிறார். சதிகாரர்களில் ஒருவரான டீசியஸ் வந்து கனவுக்கு நல்ல பலன் சொல்லிவிட்டு, ‘இன்று செனட் உங்களுக்குக் கிரீடம் தரப்போகிறது, வராவிட்டால் மனம் மாறலாம், கேலியும் பேசுவார்கள்’ என்கிறார். உடனே சீசர் அங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். எது அவரைக் கிளப்பியது? கிரீடமா, கேலிக்குப் பயந்த கௌரவமா? இரண்டுக்கும் வரிகள் இருக்கின்றன. எதை எழுதினாலும் வரியைக் காட்டி எழுதுங்கள்.

அவ்வளவு நல்லவரான புரூட்டஸ் எப்படிச் சம்மதித்தார்?

இந்த நாடகத்தைப் படிப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு கேள்விதான். இரண்டாம் அங்கம், முதல் காட்சி. நள்ளிரவு தாண்டிய நேரம். புரூட்டஸ் தோட்டத்தில் தனியாக நிற்கிறார். வேலைக்காரப் பையன் லூசியஸை எழுப்பி விளக்கேற்ற அனுப்பிவிட்டுத் தனக்குத் தானே பேசுகிறார். முதல் வார்த்தையே, “அவர் சாவால்தான் இது நடக்க வேண்டும்” என்பது. தீர்ப்பு முதலில் வந்துவிட்டது. விசாரணை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

அவர் அடுக்கும் காரணங்களைப் பாருங்கள். எனக்கு அவர்மேல் சொந்தப் பகை எதுவும் இல்லை. அவருடைய ஆசைகள் அறிவை மீறி நான் பார்த்ததே இல்லை. இதுவரை எல்லாம் சீசருக்குச் சாதகம். ஆனால் முடிசூட்டினால் அவர் குணம் மாறலாம். ஏணியில் மேலே ஏறியவர்கள் வந்த படியை மறப்பதுண்டு. சீசரும் அப்படி ஆகலாம். ஆகிவிடாமல் இருக்கத் தடுத்துவிடு.

இந்த ‘ஆகலாம்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஆனார்’ இல்லை, ‘ஆகிறார்’ இல்லை, ‘ஆவார்’ கூட இல்லை. வெறும் ‘லாம்’. ஒரு மனிதனைக் கொல்ல அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இன்றைய சீசரை வைத்து இந்த வழக்கு நிற்காது என்பதும் புரூட்டஸுக்கே தெரிகிறது. அதனால், “இப்படி அமைத்துக்கொள்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பாம்பு முட்டை உவமைக்குப் போகிறார். பொரிந்தால் கடிக்கும், ஆகவே ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிடு. பாம்பு முட்டை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் மறுத்துப் பேச முடியும்? வழக்கே அந்தப் பெயர் சூட்டலில் முடிந்துவிடுகிறது.

அடுத்த நிமிடம் லூசியஸ் ஒரு கடிதத்தோடு வருகிறான். ஜன்னலோரம் கிடந்தது என்கிறான். குடிமக்கள் எழுதியது போல எழுதிப் போடச் செய்தவர் காசியஸ். அதில் வாக்கியம் பாதியில் நிற்கிறது: “ரோம் இன்னும்…” மீதியைப் புரூட்டஸ் தானே நிரப்பிப் படிக்கிறார்: “ரோம் இன்னும் ஒரே மனிதனுக்கு அஞ்சி நிற்பதா?” போலிக் கடிதத்தின் பாதியை எழுதியது ஏமாற்றப்பட்டவரே. வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது நான் பென்சிலைக் கொடுத்து, கடிதத்தில் உள்ளதையும் புரூட்டஸ் சேர்த்ததையும் தனித்தனியாக அடிக்கோடு போடச் சொல்வேன். போட்டு முடித்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசுவதில்லை.

அப்படியானால் காசியஸ்தான் வில்லனா?

வில்லன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். பொறாமை உண்டு, மறுக்க முடியாது. டைபர் ஆற்றில் நீந்தும்போது சீசர் மூழ்கப் போனதையும் தான் தூக்கி வந்ததையும் சொல்லிப் புலம்புகிறார். ‘என்னால் காப்பாற்றப்பட்டவன் இன்று கடவுளா?’ என்பதுதான் அவர் ஆதங்கம். ஆனால் அரசியல் புத்தி அவருக்குத்தான் இருக்கிறது. ஆண்டனியையும் கொல்ல வேண்டும் என்றார், புரூட்டஸ் மறுத்தார். ஆண்டனியைப் பேச விடாதே என்றார், புரூட்டஸ் விட்டார். பிலிப்பிக்குப் போக வேண்டாம், எதிரி அலைந்து களைக்கட்டும் என்றார், அங்கேயும் புரூட்டஸ் பேச்சுதான் நின்றது. ஒவ்வொரு முறையும் காசியஸ் சொன்னதே சரி, ஒவ்வொரு முறையும் அவர்தான் விட்டுக்கொடுக்கிறார். புரூட்டஸின் நற்பெயருக்காக அவரைச் சேர்த்தார்கள். சேர்த்தபின் அந்தப் பெயருக்கு எதிராகப் பேச யாராலும் முடியவில்லை.

இரண்டு இரங்கல் பேச்சுகளையும் எப்படி ஒப்பிட்டு எழுதுவது?

முதலில் இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்தால் பாதி போய்விடும்.

புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறார். ஒன்றுக்கொன்று சமமாக வெட்டிய வாக்கியங்கள். சீசர் என்மேல் அன்பு வைத்தார், அழுகிறேன். வீரராக இருந்தார், மதிக்கிறேன். அதிகார வேட்கை கொண்டார், கொன்றேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வேட்கைக்கு ஒரு உதாரணம்கூட இல்லை. தோட்டத்தில் இருந்த ‘லாம்’ இங்கே காணாமல் போய்விட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆகலாம்’ என்பது ஒரே ராத்திரியில் ‘கொண்டார்’ என்று மாறிவிட்டது. கூட்டம் கைதட்டி, “இவரையே சீசராக்குவோம்” என்று கத்துகிறது. சீசர் என்ற ஒருவரே கூடாது என்பதற்காகக் கொன்றவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கிறது. அவர் பேசியதில் ஒரு எழுத்துகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆண்டனி செய்யுளில் பேசுகிறார், ஆனால் கையில் பொருள் வைத்துக்கொண்டு பேசுகிறார். கைதிகளைப் பிடித்துவந்து சீசர் நிரப்பிய கஜானா, ஏழைகள் அழுதபோது அவர் விட்ட கண்ணீர், தள்ளிய கிரீடம். ஒவ்வொன்றுக்குப் பின்னும் “புரூட்டஸ் கண்ணியமான மனிதர்” என்ற அதே வரி. முதல் முறை அது மரியாதை. கடைசியில் கூட்டத்தில் ஒருவனே “துரோகிகள் அவர்கள், கண்ணியவான்களாம்!” என்று கத்துகிறான். ஆண்டனி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அவர்களைச் சொல்ல வைத்தார்.

அப்புறம் அந்த அங்கி. நெர்வியர்கள் என்ற கால் நாட்டு இனத்தாரை ஜெயித்த நாளின் கோடைச் சாயங்காலம் சீசர் இதை முதல் முதலில் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறார். அந்தப் போர் கி.மு. 57இல் நடந்தது. வரலாற்று ஆண்டனி அப்போது சீசரின் படையிலேயே சேரவில்லை. பிறகு கிழிசல்களைக் காட்டுகிறார். இது காசியஸின் கத்தி போன வழி, இது காஸ்கா, இது புரூட்டஸ். கொலை நடந்தபோது சதிகாரர்களில் ஒருவரான டிரிபோனியஸ் ஆண்டனியை வெளியே கூட்டிப்போய்விட்டார். எந்த ஓட்டை யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க யாருக்கும் தோன்றவில்லை. துணியில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு யோசனை வராது.

இன்னொன்றும் உண்டு. கொதித்த கூட்டம் எரிக்கக் கிளம்பும்போது, சீசரின் உயிலை நினைவூட்டி, “உயிலை மறந்துவிட்டீர்களே” என்று ஆண்டனி திரும்பக் கூப்பிடுகிறார். ஆளுக்கு 75 திராக்மா (வெள்ளிக் காசு), டைபர் ஆற்றங்கரைத் தோட்டங்கள். கோபத்துக்கு ஒரு கூலியும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் நாலாம் அங்கத்தின் முதல் காட்சியில், அதே ஆண்டனி, அந்த உயிலைக் கொண்டுவாருங்கள், கொடுக்க வேண்டியதில் எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்ப்போம் என்கிறார். ஒரே ஒரு வரி. பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

கவிஞர் சின்னாவைக் கூட்டம் கொல்லும் குட்டிக் காட்சி எதற்கு?

சதிகாரர்களில் ஒருவர் பெயரும் சின்னா. ‘நான் அவன் இல்லை, கவிஞன்’ என்று கதறுகிறார். ‘கவிதை மோசம், அதற்காகவே கிழித்துப் போடு’ என்கிறது கூட்டம். ஐந்து நிமிடம்கூட ஓடாத காட்சி இது. பெரிய பேச்சுகள் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை என்பது என் கருத்து. உடனே அடுத்த காட்சியில் ஆண்டனி, சீசரின் வாரிசான ஆக்டேவியஸ், அவர்களோடு ஆட்சியைப் பங்குபோடும் லெபிடஸ் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் புள்ளி வைக்கிறார்கள். தெருவில் நடப்பதும் அறையில் நடப்பதும் ஒரே வேலை.

இதில் எவ்வளவு உண்மை வரலாறு?

அடிப்படை உண்மை. புளூட்டார்க் என்ற கிரேக்கர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை, தாமஸ் நார்த் 1579இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ஷேக்ஸ்பியர் படித்திருக்கிறார். பல இடங்களில் வார்த்தைகளே அங்கிருந்து வருகின்றன.

மாற்றங்களும் உண்டு. சீசரின் வெற்றி ஊர்வலம் கி.மு. 45 அக்டோபரில் நடந்தது, லூபர்கேலியா 44 பிப்ரவரி 15. நாடகம் இரண்டையும் ஒரே நாளில் வைக்கிறது. கொலை நடந்தது, சீசரிடம் உள்நாட்டுப் போரில் தோற்ற பாம்ப்பி கட்டிய மண்டபத்தில். நாடகத்தில் கேப்பிட்டல் என்ற குன்றில். வரலாற்றாசிரியர்கள் சொல்வது 23 குத்துகள், நாடகத்தில் ஆக்டேவியஸ் சொல்வது 33. பிலிப்பியில் கி.மு. 42 அக்டோபரில் ஏறக்குறைய மூன்று வார இடைவெளியில் இரண்டு போர்கள் நடந்தன. அவையும் ஒரே நாளாகிவிட்டன. புரூட்டஸின் தோட்டக் காட்சியில் மூன்று மணி அடிக்கிறது, ரோமில் மணி அடிக்கும் கடிகாரமே கிடையாது. சீசருக்கு இடது காது கேட்காது என்பது ஷேக்ஸ்பியர் சேர்த்தது. ஊரே எச்சரிப்பதைக் கேட்காத மனிதருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

‘யூ டூ புரூட்டஸ்’ என்று சீசர் உண்மையில் சொன்னாரா?

நாடகத்தில் அந்த இடம் லத்தீனில் இருக்கிறது: “எட் டு, புரூட்டே?” நாம் நண்பர்களைக் கிண்டல் செய்யச் சொல்லும் ‘யூ டூ’ அதன் ஆங்கில வடிவம். புளூட்டார்க்கில் இந்த வார்த்தை இல்லை. புரூட்டஸ் கத்தியோடு வருவதைப் பார்த்ததும் சீசர் அங்கியால் தலையை மூடிக்கொண்டார் என்றுதான் இருக்கிறது. சுவெட்டோனியஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர், “நீயுமா, பிள்ளாய்?” என்று கிரேக்கத்தில் சொன்னதாகச் சிலர் கூறுவதை எழுதி வைத்திருக்கிறார். தன் கருத்தாக இல்லை.

1599இல் ரோம் பற்றி ஏன் எழுத வேண்டும்?

அந்த வருடம் செப்டம்பர் 21 அன்று தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி லண்டனில் தேம்ஸ் நதிக்கு அக்கரையில், ஓலை வேய்ந்த அரங்கில் சீசர் நாடகம் பார்த்ததைக் குறித்து வைத்திருக்கிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அது இந்த நாடகம்தான் என்கிறார்கள். அப்போது எலிசபெத் ராணிக்கு வயது 66. வாரிசு இல்லை. அடுத்து யார் என்று பொதுவில் பேசுவதே ஆபத்து. அவரைக் கொல்லும் சதிகள் பலமுறை பிடிபட்டிருந்தன. ஆட்சியில் இருப்பவரைக் கொல்லலாமா என்ற கேள்வியை இங்கிலாந்தை வைத்துக் கேட்டால் தலை போகும். ரோமை வைத்துக் கேட்கலாம்.

பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் இதைக் கையில் எடுத்தார்கள். தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே இதை சுவாஹிலியில் மொழிபெயர்த்து 1963இல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இந்திய வம்சாவளிக் கைதி ஒருவர் ஷேக்ஸ்பியர் தொகுப்பைத் தீபாவளி வாழ்த்து அட்டைகள் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். அது கைமாறிக் கைமாறி நெல்சன் மண்டேலாவிடம் வந்தபோது, அவர் கையெழுத்திட்டது இந்த நாடகத்தில், “கோழைகள் சாவதற்கு முன் பலமுறை சாகிறார்கள்” என்ற பகுதியில். கையெழுத்தின் தேதி 1977 டிசம்பர் 16.

கொன்று முடித்துக் கையில் ரத்தத்தோடு நிற்கும்போது காசியஸ், இன்னும் பிறக்காத நாடுகளில், இன்னும் அறியாத மொழிகளில் இந்தக் காட்சி எத்தனை முறை நடிக்கப்படும் என்று கேட்கிறார். அந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆங்கிலம் கஷ்டமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இது எளிமையானவற்றில் ஒன்று, சுமார் 2,500 வரிகள்தான். தெரியாத சொற்களைவிட, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்தான் ஏமாற்றும். ‘சென்ஷர்’ என்றால் இன்று கண்டனம், இங்கே தீர்ப்புச் சொல் என்று பொருள். ‘ஃபாண்ட்’ என்றால் இன்று பிரியம், அன்று அசட்டுத்தனம். ‘ஐட்ஸ்’ என்பது ரோம நாட்காட்டியில் மாத நடுநாள். மார்ச்சில் அது 15ஆம் தேதி.

குறிப்புகள் உள்ள பதிப்பு வாங்குங்கள். ஒரு காட்சியை முதலில் குறிப்பு பார்க்காமல் சத்தமாக வாசியுங்கள், புரிந்தது போதும். பிறகு குறிப்போடு. மூன்றாம் முறை உங்கள் சொந்தத் தமிழில் யாரிடமாவது கதையாகச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறீர்களோ அங்கேதான் புரியவில்லை.

பரீட்சைக்கு என்ன எழுதினால் மதிப்பெண் வரும்?

கதையைத் திரும்பச் சொல்வதைக் குறையுங்கள். ஒரு வரி கொடுத்துக் கேட்டால் யார், யாரிடம், எப்போது என்பதோடு, அந்த நேரத்தில் பேசுபவருக்கு என்ன தேவை என்பதையும் எழுதுங்கள். ‘ரோமர்களிலேயே மேன்மையானவர்’ என்று கடைசியில் ஆண்டனி புரூட்டஸைப் புகழ்வதைப் பலர் நாடகத்தின் தீர்ப்பாகவே எழுதுகிறார்கள். சொல்பவர் ஆண்டனி, ஜெயித்துவிட்ட ஆண்டனி. பேச்சில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நமக்குத் தெரியும். அது உண்மையான மரியாதையாகவும் இருக்கலாம். இரண்டையும் எடுத்து வையுங்கள்.

பெண் பாத்திரங்கள் இரண்டே பேர்தானே?

ஆமாம், கால்பூர்னியாவும் புரூட்டஸின் மனைவி போர்ஷியாவும். வரிகள் குறைவு. ஆனால் வரப்போவது என்ன என்று சரியாக உணர்ந்தவர்கள் அவர்கள்தான். தொடையில் தானே காயம் செய்துகொண்டு, ‘இதைத் தாங்கியவளுக்கு உன் ரகசியம் தாங்காதா’ என்று போர்ஷியா கேட்பதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

சீசர் செத்த பிறகு அலுப்பாக இருக்கிறது. அப்புறமும் படிக்க வேண்டுமா?

பலரும் அங்கேதான் புத்தகத்தை மூடுகிறார்கள். என் மனதுக்கு நெருக்கமான காட்சி அதற்கப்புறம்தான் வருகிறது. நாலாம் அங்கத்தின் கடைசிப் பகுதி. காசியஸுடன் பெரிய சண்டை முடிந்து சமாதானமாகிவிட்டது. போர்ஷியா இறந்த செய்தி வந்துவிட்டது. கூடாரத்தில் புரூட்டஸ் ஒரு புத்தகத்தைத் தேடுகிறார். உன்னிடம்தானே கொடுத்தேன் என்று லூசியஸைக் கடிந்திருக்கிறார் போல. இப்போது பார்த்தால் அது அவருடைய அங்கிப் பையிலேயே இருக்கிறது. எனக்கு மறதி அதிகம், பொறுத்துக்கொள் என்று அந்தச் சிறுவனிடம் சொல்கிறார். கொஞ்சம் வாசிக்கிறாயா என்று கேட்கிறார். பையன் யாழ் போன்ற அந்த வாத்தியத்தை வாசித்துப் பாடியபடியே தூங்கிவிடுகிறான். தலை சாய்ந்தால் நீ அதை உடைத்துவிடுவாய் என்று முணுமுணுத்துக்கொண்டே, தூக்கம் கலையாமல் அவன் கையிலிருந்து அதை மெதுவாக எடுத்து வைக்கிறார். பிறகு உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் தேடுகிறார். விளக்கு மங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே சீசர்.